பக்கத்துக் காணியில் தகரம் அடித்துவிட்டார்களா? அன்றைக்கே தொடங்க வேண்டிய வேலைகள்

கொழும்பில் பக்கத்துக் காணியில் மாடிக் கட்டடம் வரப்போகிறது என்று நமக்கு யாரும் கடிதம் போட்டுச் சொல்வதில்லை. தகரம்தான் சொல்லும். ஒரு சனிக்கிழமை காலையில் நாலு பேர் வந்து பழைய வீட்டின் மதிலை இடித்து, அந்த இடத்தில் பச்சைத் தகரத்தை நிறுத்தி, கேட்டுக்கு ஒரு பூட்டும் போட்டுவிட்டுப் போவார்கள். அடுத்த வாரம் மாமரம் போகும், அதற்கடுத்த வாரம் ஓடு போகும், ஒழுங்கை முழுக்க "எத்தனை மாடியாம்?" என்ற ஒரே கேள்வி. எதிர்வீட்டு அங்கிள் எட்டு என்பார், கடைக்காரர் பதினான்கு என்பார், த்ரீவீலர் தம்பி இருபத்திரண்டு என்று சத்தியம் பண்ணுவார்.

மாமி வீடு பம்பலப்பிட்டிக்கும் தும்முல்லைச் சந்திக்கும் நடுவே ஒரு ஒழுங்கையில் இருக்கிறது. கம்பஸுக்கு நடந்து போகலாம். 1921இல் பல்கலைக்கழகக் கல்லூரி தேர்ஸ்டன் ரோட்டில் தொடங்கின காலத்திலிருந்தே இந்தப் பக்கத்து வீடுகளில் படிக்கிற பிள்ளைகளுக்கு அறை கொடுக்கிற வழக்கம் இருக்கிறது (ரோட்டுக்குக் குமாரதுங்க முனிதாச மாவத்தை என்று பெயர் மாற்றி எவ்வளவோ காலம், நாங்கள் இன்னும் தேர்ஸ்டன் ரோட் என்றுதான் சொல்கிறோம்). மாமியின் மேல் அறையிலும் மூன்று பிள்ளைகள் போர்டிங். இந்த ஒழுங்கையில் இரண்டு கட்டடங்கள் எழும்புவதைப் பார்த்துவிட்டோம். முதலாவது வந்தபோது எல்லாவற்றையும் பிழையாகச் செய்தோம். இரண்டாவதில் பாதியையாவது சரியாகச் செய்தோம், அந்தப் பாதியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் தடவை என்ன செய்தோம் என்றால், வீடு வீடாகப் போய் 64 பேரிடம் கையெழுத்து வாங்கி, "எங்கள் அமைதியான சூழல் பாதிக்கப்படுகிறது, ஆகவே இந்த உயரமான கட்டடம் எங்களுக்கு வேண்டாம்" என்று ஒரு மகஜர் எழுதி, மேயரிலிருந்து அமைச்சர் வரைக்கும் அனுப்பினோம். கிடைத்தது என்று ஒரு பதில் வந்தது. அவ்வளவுதான். இப்போது யோசித்தால் அந்த அலுவலகத்தில் இருக்கிறவர் அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு என்னதான் செய்ய முடியும்? "வேண்டாம்" என்பதை எந்தக் கோப்பில் போடுவது? அனுமதியில் எழுதியிருக்கிற நிபந்தனை மீறப்பட்டது என்றால் அதற்கு ஒரு உத்தியோகத்தர் இருக்கிறார். வீதி அகலம் போதாது என்றாலும் இருக்கிறார், இரவு பதினொன்றுக்குக் கொங்கிரீட் லொறி வந்தது என்றாலும் இருக்கிறார், தேங்கின தண்ணீரில் நுளம்புக் குடம்பி என்றால் அவர் அன்றைக்கே வருவார். ஆக, உங்களுக்கு என்ன கவலையோ அதை ஒரு காகிதமாக, ஒரு அளவாக, ஒரு திகதியாக மாற்ற முடியுமா என்று பாருங்கள். மாற்ற முடிந்தது நகரும், மாற்ற முடியாதது மகஜரோடு நின்றுவிடும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் வெள்ளவத்தையில் இருக்கிற சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். நம்மில் பாதிப்பேர் இருப்பதே தொடர்மாடியில்தான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களுக்கு கடற்கரைப் பக்கத்து ஒழுங்கைகளில் இடம் கிடைத்தது அங்கே மாடிகள் எழும்பியதால்தான். அதனால் மாடி என்றாலே எதிர்ப்பு என்று நிற்காதீர்கள். சட்டப்படி கட்டுகிறார்களா, நம் சுவருக்கு என்ன ஆகிறது, ஒழுங்கையின் கானும் தண்ணீர்க் குழாயும் தாங்குமா என்று கேளுங்கள்.

முதல் வேலை: உங்கள் சுவர்

கடிதம் எழுதுவதற்கு முன்பு, சட்டத்தரணியைப் பார்ப்பதற்கு முன்பு, போனை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டையே சுற்றுங்கள். வெடிப்பு வந்த பிறகு "இது முன்பே இருந்தது" என்று கொன்ட்ராக்டர் சொல்லும்போது, இல்லை என்று காட்ட உங்களிடம் படம் இருக்க வேண்டும். எங்களிடம் முதல் தடவை இருக்கவில்லை. சமையலறைச் சுவரில் ஜன்னல் மூலையிலிருந்து கூரை வரைக்கும் சாய்வாக ஒரு வெடிப்பு ஓடினது, ஐந்து சத நாணயம் நுழைகிற அளவு. வந்து பார்த்த பொறியியலாளர் பிள்ளை மிகவும் மரியாதையாக, "அன்ரி, இது பழைய வீடுதானே" என்றார். முடிந்தது கதை.

எப்படி எடுப்பது? ஒவ்வொரு அறைக்கும் முதலில் நாலு சுவரும் தெரிகிற மாதிரி தூரத்தில் ஒன்று, பிறகு ஜன்னல், கதவு மூலைகள், கூரை சுவரைத் தொடுகிற இடம், தரை ஓடுகளின் இணைப்பு, வெளி மதில், தண்ணீர்த் தொட்டி, கிணறு இருந்தால் கிணற்றுக்கட்டு என்று கிட்டத்தில். ஏற்கெனவே இருக்கிற வெடிப்புகளை மறைக்காதீர்கள், அவற்றைத்தான் கவனமாக எடுக்க வேண்டும். பக்கத்தில் ஒரு அடிமட்டம் வைத்து, வெடிப்பு எங்கே முடிகிறதோ அந்த நுனியில் பென்சிலால் குறுக்கே ஒரு சின்னக் கோடு போட்டு, பக்கத்தில் திகதி எழுதி, பிறகு படம் எடுங்கள். நுனி கோட்டைத் தாண்டிப் போனால் வெடிப்பு வளர்கிறது என்று அர்த்தம். மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை வெடிப்பின் மேல் குறுக்காகச் சீமெந்தால் ஒட்டி வைப்பது பழைய மேசன்மாரின் முறை. சுவர் அசைந்தால் கண்ணாடி முறியும். அன்றைய பத்திரிகையைப் படத்தில் சேர்ப்பது நாடகம் மாதிரித் தோன்றும், ஆனால் சேருங்கள். எல்லாப் படங்களையும் உங்களுக்கே ஒரு மின்னஞ்சலில் அனுப்பி வையுங்கள், திகதி அங்கே நிற்கும்.

இதை முறையாகச் செய்கிற நிறுவனமும் இருக்கிறது. ஜாவத்தை வீதியில் இருக்கிற தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், வேலை தொடங்குவதற்கு முன்பு அயல் வீடுகளின் நிலையைப் பதிவு செய்கிற ஆய்வைச் செய்கிறது, வேலை நடக்கும்போது அதிர்வையும் அளக்கிறது. கட்டணம் உண்டு. அதைக் கட்டுகிறவரே கொடுக்க வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள், பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள், ஏனென்றால் நாளைக்கு நாங்கள் பொய் வெடிப்பைக் காட்டாமல் இருக்க அது அவர்களுக்கும் பாதுகாப்பு. ஆனால் கேட்க வேண்டியது அத்திவாரத்துக்கு இயந்திரம் வருவதற்கு முன்பு, அறிக்கையின் ஒரு பிரதி உங்கள் கையிலும் இருக்க வேண்டும். எங்களுக்கு இரண்டாவது தடவை கிடைத்தது இதுதான், சொல்லப்போனால் எல்லாவற்றிலும் பெரியது இதுதான்.

வெடிப்பு ஏன் வருகிறது என்பதையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள், அப்போதுதான் எப்போது விழித்திருக்க வேண்டும் என்று தெரியும். எல்லோரும் பைலிங் சத்தத்துக்குத்தான், அதாவது அத்திவாரத்துக்கு மண்ணுக்குள் ஆழமாகத் தூண் இறக்குகிற சத்தத்துக்குத்தான், பயப்படுகிறார்கள். தேநீர்க் கோப்பை நடுங்கினால் நமக்கும் நெஞ்சு நடுங்கும், அது சரிதான். ஆனால் துளைத்து இறக்குகிற பைலை விட, அடித்து இறக்குகிற பைலும் தோண்டுகிற பள்ளத்தைச் சுற்றி இறக்குகிற இரும்புத் தகடுகளும்தான் அதிகம் அதிரும். அதைவிட மோசமானது சத்தமே இல்லாமல் நடப்பது. கீழ்த்தளத்தில் பார்க்கிங் கட்ட ஆழமாகத் தோண்டி, ஊறுகிற நிலத்தடி நீரை இரவு பகலாகப் பம்ப் பண்ணி இறைக்கும்போது சுற்றியிருக்கிற மண்ணிலிருந்தும் தண்ணீர் போகிறது, மண் இறுகி இறங்குகிறது, அதன் மேல் நிற்கிற நம் வீட்டின் ஒரு மூலையும் கூட இறங்குகிறது. இந்த ஒழுங்கைகளில் பழைய வீடுகள் பல கபுக் கல்லும் (வெட்டியெடுத்த செம்மண் கல்) சுண்ணாம்பும், ஆழமில்லாத அத்திவாரமும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடுகிற வெடிப்பும், திடீரென்று இறுகிப்போய்த் திறக்க மாட்டேன் என்கிற கதவும் அதன் அறிகுறி. பூச்சில் மயிரிழையாகப் படர்ந்திருப்பது வெயிலின் வேலை, அதற்குச் சண்டை பிடிக்கப் போகாதீர்கள். பம்ப் ஓடத் தொடங்கிய நாளைக் கலண்டரில் குறித்து வையுங்கள். பள்ளத்தின் பக்கச்சுவருக்கு என்ன தாங்கு போட்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

2017 மே மாதம் வெள்ளவத்தை சார்ள்மன்ட் வீதியில் ஒரு கட்டடம் இடிந்து விழுந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. "பயப்படாதீங்க" என்று சொல்கிற கொன்ட்ராக்டரிடம் அதை நினைவுபடுத்துவது தவறில்லை.

காகிதம் எங்கே இருக்கிறது

நம்மைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டுத்தான் அனுமதி கொடுப்பார்கள் என்று இருந்துவிடாதீர்கள். சுற்றாடல் தாக்க மதிப்பீடு வரும், அப்போது கருத்துச் சொல்லலாம் என்று எங்கள் ஒழுங்கையில் ஒரு ஓய்வுபெற்ற சேர் உறுதியாகச் சொன்னார், நாங்களும் காத்திருந்தோம். அது மிகப் பெரிய திட்டங்களுக்கு. 1993ஆம் ஆண்டு வர்த்தமானிப்படி குடியிருப்பு என்றால் 1,000 வீடுகளுக்கு மேல் போக வேண்டும். அப்படி வந்தால் பொதுமக்கள் பார்க்க 30 நாள் வைப்பார்கள், தவறவிடாதீர்கள். ஆனால் இருபது பேர்ச்சில் எழும்புகிற முப்பது வீட்டுக் கட்டடத்துக்கு அது வராது.

உங்களுக்குத் தேவை மூன்று கட்டக் காகிதங்கள். முதலில் ஆரம்பத் திட்ட அனுமதி, பிறகு அபிவிருத்தி அனுமதிப்பத்திரம், கட்டி முடிந்த பிறகு இணக்கச் சான்றிதழ். இவை நகர அபிவிருத்தி அதிகார சபையிடமோ (யூடிஏ) கொழும்பு மாநகர சபையிடமோ இருக்கும். 1978ஆம் ஆண்டு 41ஆம் இலக்கச் சட்டப்படி அதிகாரம் யூடிஏயிடம்தான், அதில் ஒரு பகுதியை மாநகர சபைக்குக் கொடுத்திருக்கிறது. பெரியது பத்தரமுல்லை செத்சிறிபாயவுக்குப் போகும், சின்னது நகர மண்டபத்தோடு முடியும். எங்கே இருக்கிறது என்று மண்டையைப் போட்டு உடைக்காமல் இரண்டு இடத்துக்கும் கேள்வியை அனுப்பிவிடுங்கள்.

கேள்வி அனுப்புவதற்கு நம்மிடம் நல்ல கருவி ஒன்று இருக்கிறது, 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம். எந்தப் பிரஜையும் கேட்கலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை, வீட்டுச் சொந்தக்காரராக இருக்க வேண்டியதும் இல்லை. இது முக்கியம், ஏனென்றால் எங்கள் விண்ணப்பத்தைப் போட்டதே மாமி வீட்டில் போர்டிங் இருந்த மட்டக்களப்புப் பிள்ளைதான். அந்த நிறுவனத்தின் தகவல் அலுவலருக்கு விலாசமிட்டு, பதிவுத் தபாலில் போட்டு, பற்றுச்சீட்டைக் கோப்பில் ஒட்டுங்கள். தரலாமா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அல்லது மறுத்தால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அதிகாரிக்கு 14 நாட்களுக்குள் மேன்முறையீடு. அங்கேயும் சரிவராவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

கேள்வியைச் சின்னதாகக் கேளுங்கள். "இந்தக் கட்டடம் பற்றிய எல்லாத் தகவலும் தருக" என்றால் ஒன்றும் வராது. நாங்கள் கேட்டது இப்படி: இந்த விலாசத்திலுள்ள காணிக்கு அபிவிருத்தி அனுமதிப்பத்திரம் வழங்கப்பட்டுள்ளதா, அதன் இலக்கமும் திகதியும் என்ன, அனுமதிக்கப்பட்ட மாடிகள், மொத்த உயரம், மொத்தத் தளப்பரப்பு எவ்வளவு, கோப்பில் பதிவாகியிருக்கிற வீதி அகலம் எவ்வளவு, எத்தனை வாகனத் தரிப்பிடங்கள், அனுமதியோடு சேர்த்து விதிக்கப்பட்ட நிபந்தனைகளின் பிரதி, தீயணைப்புப் பிரிவின் சிபாரிசின் பிரதி. வரைபடத்தின் பிரதி தர முடியாது, அது கட்டடக் கலைஞருக்குச் சொந்தமானது என்று சொல்லக்கூடும். சரி, பிரதி வேண்டாம், கோப்பைப் பார்வையிட விடுங்கள் என்று கேளுங்கள், பார்வையிடுகிற உரிமையும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. நிபந்தனைப் பட்டியலை மட்டும் விட்டுவிடாதீர்கள். பிறகு நடக்கிற சண்டை எல்லாம் அந்த ஒரு தாளை வைத்துத்தான்.

மொழி பற்றி ஒரு வார்த்தை. தமிழில் எழுதலாம், தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பில் உரிமை இருக்கிறது, யாரும் அதற்காகத் தயங்க வேண்டாம். ஆனால் அவசரமான விஷயம் என்றால் கூடவே சிங்களத்தில் ஒரு பக்கம் இணைத்துவிடுவேன். மொழிபெயர்ப்பாளர் லீவில் இருக்கிறார் என்று மூன்று கிழமை போவதை விட அது மேல். உரிமையை விட்டுக்கொடுக்கிறோமா என்று வீட்டில் வாக்குவாதம் நடந்தது. மூலப்பிரதி தமிழ்தான், சிங்களம் இணைப்புத்தான் என்று முடிந்தது.

நாடாவை எடுங்கள்

ஒரு காணியில் எவ்வளவு உயரம் கட்டலாம் என்பது சும்மா ஒரு எண் அல்ல. வலயம், காணியின் பரப்பு, முன்பக்க அகலம், அந்தக் காணிக்குப் போகிற வீதியின் அகலம் எல்லாம் சேர்ந்துதான் தீர்மானிக்கும். 2021இல் வர்த்தமானியில் வந்த திட்டமிடல் மற்றும் அபிவிருத்தி ஒழுங்குவிதிகளின் அட்டவணைகளையும் கொழும்புக்கான அபிவிருத்தித் திட்டத்தையும் யூடிஏ தளத்தில் இறக்கிப் பார்க்கலாம். கணக்கு பெரிய கஷ்டமில்லை. ஒரு பேர்ச் 25.29 சதுர மீற்றர். இருபது பேர்ச் என்றால் கிட்டத்தட்ட 506. அந்தக் காணிக்கு அனுமதிக்கப்பட்ட பெருக்கம், அதாவது காணிப் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளம் கட்டலாம் என்பது, நான்கு என்று வைத்துக்கொண்டால் மொத்தத் தளப்பரப்பு 2,000 சதுர மீற்றரைக் கொஞ்சம் தாண்டும். அதைவிட அதிகமாகத் தெரிந்தால் கேட்க வேண்டிய கேள்வி கிடைத்துவிட்டது.

எங்களுக்கு வேலை செய்தது வீதி அகலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போர்டிங் பிள்ளைகள் இரண்டு பேர் ஐம்பது மீற்றர் நாடாவோடு இறங்கி, ஒழுங்கையை வாயிலிருந்து கடைசி வரைக்கும் பத்து பத்து அடிக்கு ஒரு தடவை மதிலிலிருந்து மதிலுக்கு அளந்தார்கள். எல்லோருக்கும் இது இருபது அடி ஒழுங்கை, காணி உறுதியிலும் அப்படித்தான். ஆனால் மின்கம்பம் நிற்கிற இடத்தில், யாரோ எப்போதோ மதிலை முன்னுக்குத் தள்ளிக் கட்டினதில், நிலத்தில் பதினாறரை அடிதான் இருந்தது. தீயணைப்பு வண்டி திரும்ப வேண்டிய வளைவும் அங்கேதான். ஒவ்வொரு அளவையும் ஒரு தாளில் வரைந்து, படத்தோடு, "உங்கள் கோப்பிலுள்ள அகலம் எந்த இடத்தில் அளக்கப்பட்டது?" என்ற ஒரே கேள்வியோடு அனுப்பினோம். மூன்று கிழமையில் ஒரு உத்தியோகத்தர் வந்து தானும் அளந்தார். கடைசியில் கட்டடம் ஒரு மாடி குறைந்துதான் எழும்பியது. எங்கள் கடிதம்தான் காரணம் என்று நான் சொல்வேன், வங்கிக் கடன் கிடைக்காததுதான் காரணம் என்று எதிர்வீட்டு அங்கிள் சொல்வார்.

மதிலை முன்னுக்குத் தள்ளினது நம் ஆட்களாகவும் இருக்கலாம் என்பதை அளக்க முன்பே யோசித்துக்கொள்ளுங்கள். எங்கள் ஒழுங்கையில் அப்படித்தான் இருந்தது. இரண்டு கிழமை ஒருவரும் முகம் பார்க்கவில்லை.

எந்தக் கவலை நிற்கும், எது நிற்காது

"வெயில் மறைக்கிறது" என்று வெளிநாட்டில் எழுதுகிற மாதிரி எழுதாதீர்கள். கொழும்பில் சூரியன் ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் நேர் உச்சிக்கு வரும், மற்ற நேரத்திலும் மத்தியானத்தில் அதிகம் சாயாது. பக்கத்தில் பத்து மாடி வந்தால் மாலை வெயில் குறைந்து வீடு குளிர்ந்தது என்று மாமியே சொன்னார். நமக்குப் போகிறது காற்று. மேற்கே கடல், மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று, அந்தப் பக்கத்தில் சுவர் மாதிரி ஒன்று நின்றால் உடுப்புக் காயாது, அலுமாரியில் பூஞ்சணம் பிடிக்கும், ஏசி இல்லாத அறையில் பிள்ளைகள் படிக்க முடியாது. ஆகவே பக்கத்திலும் பின்பக்கத்திலும் விடவேண்டிய வெற்றிடம் எவ்வளவு, தரையில் விட்டிருக்கிறார்களா, மேலே பல்கனியை நீட்டித் தின்றுவிட்டார்களா என்று பாருங்கள். அது அளவு, அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

கடல் தெரியாமல் போகிறது, வீட்டு விலை குறையும் என்பதை எல்லாம் கடிதத்தில் எழுதி இடத்தை வீணாக்காதீர்கள். கிடைத்தால் நாமே அந்த விலைக்கு விற்போம் என்று வாசிக்கிறவருக்குத் தெரியும்.

கழிவுநீர், மழைநீர் பற்றிய கவலை நிற்கும், நன்றாகவே நிற்கும். கொழும்பின் கழிவுநீர்க் குழாய் அமைப்பு வெள்ளைக்காரன் போட்டது, நூறு வயது தாண்டியது. ஒரு வீடு இருந்த இடத்தில் முப்பது வீடு வந்தால் அதே குழாய்க்கு எவ்வளவு போகும் என்று கேளுங்கள். மழைக்கு ஒழுங்கையில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதை இப்போதே, கட்டடம் வருவதற்கு முன்பே, கேட் தூணில் அடிமட்டம் வைத்துப் படம் எடுத்து வையுங்கள். பார்க்கிங் பற்றியதும் நிற்கும். வரைபடத்தில் கீழ்த்தளம் முழுக்கத் தரிப்பிடம் என்று இருக்கும், ஆறு மாதத்தில் அங்கே ஒரு கடை வரும், கார் எல்லாம் ஒழுங்கைக்கு வரும். இதற்கான நேரம் இணக்கச் சான்றிதழுக்கு முன்பு. அது கிடைத்த பிறகு கத்துவதில் பயன் குறைவு.

வேலை நடக்கும்போது

ஒரு கொப்பி வாங்குங்கள். அதில் திகதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், என்ன வேலை, யார் கேட்டது. "ஒவ்வொரு நாளும் இரவில் சத்தம்" என்று எழுதாதீர்கள், "இத்தனையாம் திகதி இரவு 11.20 முதல் 1.05 வரை கொங்கிரீட் பம்ப்" என்று எழுதுங்கள். 1996ஆம் ஆண்டு இரைச்சல் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளில் கட்டுமான வேலைக்குப் பகலில் 75 டெசிபல், இரவில் 50 டெசிபல் என்று எல்லை இருக்கிறது. போன் செயலி காட்டுகிற எண்ணைச் சாட்சியாக ஏற்கமாட்டார்கள், ஆனால் பொலிஸுக்கும் மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கும் எழுதும்போது வந்து அளக்கச் சொல்லிக் கேட்க அது போதும். அனுமதி நிபந்தனையில் வேலை நேரம் இருந்தால் இன்னும் லேசு, டெசிபலே தேவையில்லை.

எல்லாவற்றையும் விட வேகமாக நடப்பது நுளம்பு. தோண்டின குழியிலும் லிப்ட் பள்ளத்திலும் கொங்கிரீட் தளத்தின் மேலும் தண்ணீர் தேங்கினால், 2007ஆம் ஆண்டு நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டப்படி அது குற்றம். மாநகர சபையின் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குச் சொல்லுங்கள், படத்தோடு. மற்ற எல்லா முறைப்பாட்டுக்கும் மாதக்கணக்கில் காத்திருந்த எங்களுக்கு இதற்கு மட்டும் மறுநாளே ஆள் வந்தார், அதன் பிறகு தளத்துப் பொறியியலாளர் எங்கள் போனை எடுக்கத் தொடங்கினார். இதைப் பழிவாங்கப் பயன்படுத்தாதீர்கள், டெங்கு உண்மையான ஆபத்து. அந்த வருடம் மேல் அறையில் ஒரு பிள்ளை பரீட்சை வாரத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தது.

அப்புறம், தளத்தில் இருக்கிற ஆட்களோடு பகைக்காதீர்கள். கம்பி கட்டுகிறவர்கள் தலவாக்கலையிலிருந்தும் வவுனியாவிலிருந்தும் வந்த பிள்ளைகள், நேரத்தை அவர்கள் போடுவதில்லை. மாமி தேநீர் கொடுத்துத்தான் அடுத்த நாள் கொங்கிரீட் போடுகிறார்களா என்று தெரிந்துகொண்டார், முதல் நாளே உடுப்பை உள்ளே எடுத்துவிடுவார். தளப் பொறியியலாளரிடம் நேராகப் போய், கம்பஸ் பரீட்சை அட்டவணையைக் கொடுத்து, அந்த இரண்டு கிழமையில் காலை எட்டுக்கு முன்பு பைலிங் வேண்டாம் என்று கேட்டோம். ஒப்புக்கொண்டார், முக்கால்வாசி நாள் காப்பாற்றினார். பேசின எதையும் அன்று இரவே ஒரு வட்ஸ்அப் செய்தியாக அவருக்கு அனுப்பிவிடுங்கள்: "இன்று பேசியபடி..." என்று தொடங்கி. அதற்கு அவர் ஒரு கட்டை விரலைப் போட்டால் அது காகிதம்.

கூட்டு முயற்சிக்கு 64 கையெழுத்துத் தேவையில்லை. நாலு பேர் போதும்: படம் எடுக்கிறவர், கடிதம் எழுதுகிறவர், சிங்களத்தில் போனில் பேசுகிறவர், கோபப்படாதவர். நாலாவது ஆளைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். போர்டிங் பிள்ளைகளை ஒதுக்காதீர்கள், அவர்களுக்கு இங்கே வாக்கு இல்லாததால் அரசியல்வாதிக்கு அவர்கள் பெரிதில்லை, ஆனால் இரவில் விழித்திருக்கிறவர்கள் அவர்கள்தான், கொப்பியில் பாதி அவர்கள் எழுதினது.

நீதிமன்றம் என்றால்

கடைசியில் வைத்திருக்கிறேன், ஆனால் கடைசி வரைக்கும் காத்திருக்கச் சொல்லவில்லை. சட்டத்துக்கு மாறாக அனுமதி கொடுத்திருந்தால் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் அதை ரத்துச் செய்யச் சொல்லி எழுத்தாணை (ரிட்) கேட்கலாம். ஆனால் பத்தாவது மாடி போட்ட பிறகு போனால் இவ்வளவு நாள் எங்கே இருந்தீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. அடிப்படை உரிமை மனு என்றால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கிற காலம் கணக்கில் சேராது. தூசி, சத்தம் போன்ற பொதுத் தொல்லைக்கு நீதவான் நீதிமன்றம், குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் 98ஆம் பிரிவு. சட்டத்தரணியிடம் போகும்போது கோபத்தைக் கொண்டுபோகாமல் கோப்பைக் கொண்டுபோங்கள். அனுமதி நிபந்தனைகள், திகதியிட்ட படங்கள், தபால் பற்றுச்சீட்டுகள், கொப்பி இருந்தால் அரை மணித்தியாலத்தில் வழக்கு இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார்.

இன்னொரு நடைமுறை விஷயம். சேதத்துக்குப் பணம் தருகிறேன் என்று கொன்ட்ராக்டர் வந்தால் உடனே "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். மண் இறங்குவது கட்டடம் முடிந்த நாளோடு நிற்பதில்லை. இன்றைய வெடிப்புக்கு இன்றைய பணம், ஒரு வருடம் கழித்து மீண்டும் பார்ப்போம் என்று எழுதுங்கள். எங்களுக்கு இரண்டாவது தடவை பூச்சு வேலைக்கும் கூரை ஓட்டுக்கும் கொடுத்தார்கள், பிறகு குளியலறைத் தரையில் வந்ததற்கும் ஆய்வு அறிக்கையைக் காட்டி வாங்கினோம்.

மாமி வீட்டுக்குப் போன மாதம் பெயின்ட் அடித்தோம். சமையலறை ஜன்னல் மூலையில் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் அடிக்காமல் விடச் சொன்னார், பெயின்ட் அடிக்க வந்த பாஸ் ஒரு மாதிரிப் பார்த்தார். அங்கே ஆறு பென்சில் கோடுகளும் ஆறு திகதிகளும் இருக்கின்றன. கடைசிக் கோட்டை வெடிப்பு இன்னும் தாண்டவில்லை.